கதவில் ஒட்டிய காகிதம்

"‘அதிகாரி’ன்னு போட்டியா, ‘சர்க்கார் அதிகாரி’ன்னு போட்டியா?"

இதோடு ஆறாவது தடவை. அழகம்மாள் பேனாவை மூடினாள், திறந்தாள். காலை எட்டு மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்தவள். மணி பதினொன்று ஆகிறது, அப்பாவின் கட்டுரை மூன்றாவது பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஏழு மாத வயிற்றோடு மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

"சர்க்கார் அதிகாரின்னுதாம்ப்பா போட்டிருக்கேன்."

"சர்க்காரை எடுத்துரு. வெறும் அதிகாரி போதும்."

அழகம்மாள் கோடு போட்டு அடித்தாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையைச் சேர்க்கச் சொன்னவர் இவர்தான்.

ரத்தினவேல் மதராஸ் சட்டக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் பாடம் சொன்னவர். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான புதுக்கோட்டைக்கு வந்தும் வாய் ஓயவில்லை. திருச்சியிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் ‘கோர்ட்டும் சர்க்காரும்’ என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். சமஸ்தானம் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. புது அரசியல் சட்டத்தில் கோர்ட்டு எதுவரைக்கும் போகலாம், சர்க்கார் எங்கே நிற்க வேண்டும் என்று வாராவாரம் பிட்டுப் பிட்டு வைப்பார். ஆனால் கை நடுக்கம். அவர் எழுத்தை அவரே மறுநாள் படிக்க முடியாது. அதனால் சொல்வது அவர், எழுதுவது மகள். மூன்றரை மணிக்குத் தபால் ஆபீசில் பை கட்டுவதற்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். திங்கள்கிழமைதோறும் இந்த வீட்டில் இந்தக் கூத்துதான்.

அவள் எரிச்சலுக்கு அது மட்டும் காரணமில்லை. நடந்ததை மறந்துபோனவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடலாம். அழகம்மாளால்தான் மறக்க முடியவில்லை.

அவள் புருஷன் ஆத்மநாதன் மேற்கே ஒரு தாலுகாவில் தாசில்தார். வேம்பனேந்தல் கண்மாய்க்குள் பதினோரு குடும்பம் வீடு கட்டி இருந்தது. அதை இடிக்கச் சொல்லி மேலேயிருந்து வாய்மொழியாக உத்தரவு. அந்த ஜனங்கள் முன்சீப் கோர்ட்டுக்குப் போய், விசாரணை முடிகிறவரை கைவைக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டார்கள். தடை உத்தரவை எடுத்துக்கொண்டு கோர்ட்டுச் சேவகரான அமீனா குழந்தைசாமி தாசில்தார் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றது மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஆத்மநாதன் உள்ளே ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக ஆளைப் பார்த்தான். "அது அமீனா. நான் இல்லன்னு சொல்லு" என்று கிசுகிசுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அழகம்மாளும் சொன்னாள். ஐயா ஊர்ல இல்லை, முகாம் போயிருக்காங்க என்று வாய் கூசாமல் சொன்னாள். குழந்தைசாமி தலையைச் சொறிந்தார். வீட்டில் ஆம்பிளை ஆள் இருந்தால் கொடுத்துவிட்டுப் போகலாம், பொம்பளைங்க கையில் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை தாயி என்றார். பிறகு பையிலிருந்து பசைக் கிண்ணத்தை எடுத்து, காகிதத்தைக் கதவில் ஒட்டி, நாலு மூலையையும் கையால் தடவிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்குள் பதினோரு வீடும் தரைமட்டம். நாலு மணிக்குத் திரும்பி வந்த ஆத்மநாதன் கதவைப் பார்த்து, இதென்ன காகிதம் என்று கேட்டான். ஆபீஸ் டவாலி ஆண்டியப்பனைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கவும் சொன்னான். அப்போது அவன் முகத்தைப் பார்த்த அழகம்மாளுக்கு, இந்த மனுஷனுடனா நாலு வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று இருந்தது.

அதற்கப்புறம் வளைகாப்பு வந்தது, தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடவே கோர்ட்டு அவமதிப்பு மனுவும் வந்தது. வருகிற வியாழக்கிழமை விசாரணை. தெரிந்தே இடித்தான் என்று ஆனால் ஆத்மநாதனுக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. தெரியாமல் இடித்தான் என்று ஆனால் அந்தப் பதினோரு குடும்பத்துக்கும் போன வீடு போனதுதான். எல்லாம் அந்தக் காகிதம் அவனுக்கு எப்போது தெரியும் என்பதில் நிற்கிறது. பத்து மணியா, நாலு மணியா? பதில் தெரிந்தவள் இங்கே உட்கார்ந்து அதிகாரி, சர்க்கார் அதிகாரி என்று அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்க," என்று ரத்தினவேல் கண்ணை மூடிக்கொண்டார். "‘சர்க்காரிடம் போலீஸ் இருக்கிறது, ஜீப் இருக்கிறது, கஜானா இருக்கிறது. கோர்ட்டிடம் என்ன இருக்கிறது? ஒரு அமீனாவும் ஒரு பசைக் கிண்ணமும். ஒட்டிய காகிதத்தை அதிகாரி மதித்துப் படிப்பான் என்ற நம்பிக்கையில்தான் இந்த நாட்டில் நியாயம் நடக்கிறது. காகிதம் கைக்கு வரவில்லையே என்று அவன் சாக்குச் சொல்ல முடியாது. உத்தரவு இருப்பது தெரிந்த நிமிஷத்திலிருந்து அது அவனைக் கட்டும்.’ எழுதிட்டியா?"

எழுதிவிட்டாள். இத்தனை நன்றாகச் சொல்லத் தெரிந்த அப்பா அடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"அடுத்த பாரா. ‘நமது வட்டாரத்தில் அண்மையில் நடந்த சம்பவம் வாசகர்களுக்குத் தெரியும். அந்த அதிகாரிக்குத் தடை உத்தரவு மாலை நான்கு மணிக்குத்தான் தெரியவந்தது என்பதை நான் நேரில் விசாரித்து அறிந்தேன். ஆகவே அவர்மேல் பழி சுமத்துவது தகாது.’"

பேனா நின்றுவிட்டது. "நேர்ல விசாரிச்சீங்களாப்பா?"

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன். நாலு மணின்னாரு. அதுக்கு மேல என்ன விசாரணை?"

ஐயோ, இந்த அப்பாவை என்ன செய்வது? ஊரில் உள்ள கலெக்டர், மந்திரி எல்லோரையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை பண்ணுவார். மாப்பிள்ளை என்றால் மட்டும் வாயைத் திறந்ததெல்லாம் சாட்சியம்.

இந்தப் பாரா வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார். கட்டுரை நீளமாகிவிட்டது என்றாள். சொல்லிவிட்டுத் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம், அதையும் நீளம் அகலம் என்று மழுப்பியாயிற்று.

கொல்லையிலிருந்து அம்மா முத்துமாரியம்மாளின் சத்தம் வேறு. யார் வீட்டுக் கதவையோ நம் வீட்டில் சாத்தி வைத்திருக்கிறீர்களே, துணி காயப்போட இடமில்லை, இது வீடா மரக்கடையா என்று அவள் ஒரு பக்கம் பொரிந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கதவு மருதாயியுடையது. குவார்ட்டர்ஸுக்குத் தினமும் மோர் கொண்டு வந்து ஊற்றுகிறவள். பதினோரு வீட்டில் ஒன்று அவள் வீடு. சுவர் போய்விட்டது, கூரை போய்விட்டது, அவள் புருஷன் வேப்பமரம் அறுத்துச் செய்து போட்ட கதவு மட்டும் மிஞ்சியது. கரைமேல் போட்டுவைத்தால் விறகுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வக்கீலைப் பார்க்க டவுனுக்கு வந்தவள் நேற்று அதையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். சட்டம் எழுதுற ஐயா வீட்டில் இருந்தால் ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. ரத்தினவேலும் தாராளமாக வை என்று சொல்லிவிட்டார்.

மருதாயி அழகம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். "நல்லபடியாப் பெத்துப் பொழை தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு வசவு வைதிருந்தால்கூட அழகம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பன்னிரண்டரை மணிக்கு ஆத்மநாதன் வந்து இறங்கினான். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வாங்க மாப்பிள்ளை என்று ஒரே உபசாரம். முருங்கைக்காய்க் குழம்பும் வாழைப்பூ வடையுமாகச் சாப்பாடு நடந்தது. கை கழுவிய பிறகு அவன் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தான். வியாழக்கிழமை கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய பிரமாண வாக்குமூலம். மாமா ஒரு பார்வை பார்த்துக் கொடுத்தால் நல்லது என்றான்.

ரத்தினவேலுக்கு அதைவிடச் சந்தோஷம் உண்டா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பாதியில் நெற்றியைச் சுருக்கினார்.

"‘உத்தரவு மாலை நான்கு மணிக்கு என் பார்வைக்கு வந்தது’ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. பத்தாது மாப்பிள்ளை. பேப்பரு எப்ப வந்துச்சுன்னா கோர்ட்டு கேக்கப்போவுது? ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கும். அதனால, ‘அதற்கு முன் அப்படி ஒரு உத்தரவு இருப்பது எந்த வகையிலும் எனக்குத் தெரியாது’ன்னு சத்தியமாப் போடணும். என்ன?"

ஆத்மநாதனின் முகம் ஒரு விநாடி வெளுத்தது. அவன் கெட்டிக்காரன். பாதிப் பொய்யோடு ஒதுங்கிக்கொள்ளப் பார்த்திருந்தான். மாமனார் நல்லது செய்கிறேன் என்று முழுப் பொய்யையும் எழுத வைக்கிறார். அவன் அழகம்மாளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"போட்டுக்கலாம் மாமா," என்றான்.

"அழகு, நீயே நல்லா ஒரு பிரதி எழுதிக் குடுத்துரு. இவரு கிறுக்கலும் என் கிறுக்கலும் டைப் அடிக்கிறவனுக்குப் புரியாது."

கேட்டீர்களா நியாயத்தை? அப்பாவின் கட்டுரையும் அவள் கை, புருஷனின் வாக்குமூலமும் அவள் கை. இரண்டிலும் நாலு மணி என்று எழுத வேண்டியவள் அவள். அவளுக்கென்று ஒரு கை இருக்கிறதே, அது என்ன வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பொதுவா?

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொல்லைக்குப் போனாள். ஆத்மநாதன் பின்னாலேயே வந்தான். மருதாயியின் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அது யார் வீட்டுக் கதவு என்றுகூடக் கேட்காமல் பேசினான். தான் ஒரு சின்ன ஆள், மேலேயிருந்து சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா, இப்போது மாட்டிக்கொண்டது தான் ஒருவன் மட்டுமே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். சொன்னவர்கள் எழுத்தில் கொடுக்கவில்லையே என்று அழகம்மாள் கேட்டாள். வாயால் சொன்னதற்கு ஓடினீர்கள், எழுதி ஒட்டினதைப் பார்க்க மனசில்லையா என்றும் கேட்டாள்.

"பொறக்கப்போற புள்ளைய நெனச்சுப் பாரு அழகு," என்றான்.

"அத நெனச்சுத்தாங்க எனக்குக் கை வரல."

அவன் எரிச்சலோடு சிரித்தான். "நீ யாருகிட்டச் சொல்லப்போற? புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசுனத எந்தக் கோர்ட்டும் கேக்க முடியாது. ஒங்க அப்பாதான் போன மாசம் எழுதியிருந்தாரு."

ஆமாம், எழுதியிருந்தார். எழுதியதே அவள்தான். அழகம்மாள் உள்ளே போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் கட்டுரை, அந்தப் பக்கம் வாக்குமூலம். மணி மூன்று. அப்பாவிடம், போன மாசக் கட்டுரையில் ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தாள். புருஷன் சொன்னதைப் பெண்சாதி கோர்ட்டில் சொல்லக் கூடாது, சரி. அவள் கண்ணால் பார்த்தது, அவளே செய்தது?

"அது வேற. அவரு இவகிட்டச் சொன்னதுக்குத்தான் பாதுகாப்பு. இவ பாத்தது, இவ இன்னொருத்தர்கிட்டப் பேசுனது எல்லாம் சாட்சியந்தான். கேட்டா சொல்லித்தான் ஆகணும்," என்றார் ரத்தினவேல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "அந்தப் பாராவ எழுதுனியா இல்லியா? தபால் போயிரும் ஆத்தா."

ஆத்மநாதன் வாசற்படி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெளியே சைக்கிளை நிறுத்தும் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். காக்கிச் சட்டை, தோளில் பை.

மூன்று வாரத்துக்கு முன்னால் செய்ததையே செய்தான். குனிந்து, அதே குரலில், "அது அமீனா. நான் இல்லன்னு சொல்லு" என்று அழகம்மாளிடம் கிசுகிசுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் விரைந்தான். பழக்கம் யாரை விட்டது! மாமனார் இரண்டு முழ தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

கொல்லையில் தடால் என்று ஒரு சத்தம். மருதாயியின் கதவு விழுந்தது. என்ன மாப்பிள்ளை, அடிபட்டுச்சா என்று முத்துமாரியம்மாள் பதறிக்கொண்டு ஓடினாள்.

ரத்தினவேல் கண்ணாடியைக் கழற்றினார். மகளைப் பார்த்தார், கொல்லைப்பக்கம் பார்த்தார், மேஜைமேல் கிடந்த வாக்குமூலத்தைப் பார்த்தார். சட்டம் படித்த மனுஷன். புரிந்துகொள்ள அது போதும். அழகம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போனாள்.

குழந்தைசாமி கும்பிட்டார். உள்ளே விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"தாசில்தார் ஐயாவுக்கு இல்ல தாயி," என்று மெதுவாகச் சொன்னார். "ஆத்மநாதன் சம்சாரம் அழகம்மாள்னு போட்டிருக்கு. சாட்சி சம்மன். அன்னைக்கு வீட்டுல இருந்த அம்மா ஐயா ஊர்ல இல்லன்னு சொன்னாங்கன்னு நான் ரிப்போர்ட்டுல எழுதியிருந்தேன். மருதாயி வக்கீலு அதப் படிச்சுட்டாரு."

அழகம்மாள் அவர் பையைப் பார்த்தாள்.

"ஒங்க பேருக்கே வந்திருக்கு. இந்தத் தடவ ஒங்க கையிலயே குடுக்கலாம்." அவர் காகிதத்தை நீட்டவில்லை, பையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "அழகம்மாள்ங்கறது வீட்டுல இருக்காங்களா தாயி?"

பாவம், நல்ல மனுஷன். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பிவிடுவார். அழகம்மாள் திரும்பிப் பார்த்தாள். வேட்டியெல்லாம் மண்ணாக ஆத்மநாதன் கூடத்துக் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இப்படி அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. கோபம் கோபமாக வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"நாந்தான் அழகம்மாள்," என்றாள். "குடுங்க."

காலையிலிருந்து கையில் இருந்த பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். குழந்தைசாமி மசியை ஊதிக் காயவைத்து, மறுபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

உள்ளே வந்து சம்மனை மேஜைமேல் வைத்தாள். ரத்தினவேல் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு அமீனா எத்தன மணிக்கு வந்தான் ஆத்தா?"

"மாமா, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று ஆத்மநாதன் முன்னால் வந்தான்.

"ஒங்களக் கேட்டு முடிச்சாச்சு மாப்பிள்ளை."

அழகம்மாள் கட்டுரைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ‘உத்தரவு இருப்பது தெரிந்த நிமிஷத்திலிருந்து’ என்ற பாராவுக்குக் கீழே காலியாகக் கிடந்தது. நாலு மணிப் பாராவை அவள் எழுதியிருக்கவே இல்லை. ரத்தினவேல் அந்தக் காலி இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்து உறைக்குள் வைத்தார். நடுங்குகிற கையால் தானே பசை தடவி ஒட்டினார். உறையின் ஓரமெல்லாம் பசை வழிந்தது.

தபாலில் சேர்க்க யாரிடமும் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது.

ஆத்மநாதன் தன் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டான். பிரதி எழுதித் தரச் சொல்லி இப்போது கேட்கவில்லை. கைவிரல்களால் தாளை நீவிக்கொண்டே நின்றான்.

"வியாழக்கிழமை நெசமாவே வரப்போறியா?"

அழகம்மாள் சம்மனை எடுத்து இன்னொரு தடவை படித்தாள்.

"பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள். "நீங்க ஜீப்புல போங்க. நான் குதிர வண்டியில வாரேன்."